எடுத்துச் சாட்டம்



மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "ஒரு கட்டுரை குடு மக்கா. கவிதை மட்டும் வேண்டாம், அது தேவைக்கு மேல வந்தாச்சு" என்று கேட்டபோது, எழுத என்னிடம் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். லேத் மெஷினைப் பற்றி எழுதலாமென்றால், அதை ரெக்கார்டு நோட்டில் மூன்று தடவை எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம். அப்புறம்தான் அக்காவைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. காரணம் இருக்கிறது. போன மாதம் நான் ஒரு தாளில் கையெழுத்துப் போடப் போய், பேனா மூடியையும் கழற்றிவிட்ட பிறகு, என் கையைப் பிடித்து நிறுத்தியது அவள்தான். அதுவும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு! அந்தக் கதையைச் சொல்ல 2016-ல் இருந்து தொடங்க வேண்டும்.

என் ஊர் தேங்காய்ப்பட்டணம். குழித்துறை ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தை ஒட்டிய ஊர். எங்கள் பக்கத்தில் 'எடுத்துச் சாட்டம்' என்று ஒரு சொல் உண்டு. ஹாஸ்டலில் இருக்கும் வெளி மாவட்ட நண்பர்களுக்காக விளக்கிவிடுகிறேன். சாடுவது என்றால் குதிப்பது. ஆழம் பாராமல் ஆற்றில் சாடுகிற பையனுக்கு எடுத்துச் சாட்டம். யாரையும் கேட்காமல் கடன் வாங்கி பைக் எடுக்கிறவனுக்கும் எடுத்துச் சாட்டம். எங்கள் வீட்டில் அந்தப் பட்டம் கிடைத்தது, அதுவரை யாரிடமும் சத்தமாகக்கூடப் பேசாத என் அக்காவுக்கு.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. டிசம்பர் மாதம், அரையாண்டு விடுமுறை. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அக்கா பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் முடித்து, ஒரு தனியார் பள்ளியில் மூன்று வருடமாக ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தாள். மாதச் சம்பளம் ஏழாயிரம். அவளோடு படித்த தோழி ஒருத்தி ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள்.

"மாலத்தீவுக்கு டீச்சர் எடுக்கினும். நாளைக்கு திருவனந்தபுரத்துல இன்டர்வியூ. ஒத்தைக்குப் போகப் பயமா இருக்கு. துணைக்கு வாறியா?"

அக்கா, "செரி, வாறேன்" என்றாள். இரண்டு பெண்பிள்ளைகள் தனியாகப் போவதா என்று அம்மா யோசித்துவிட்டு, "தம்பியையும் கூட்டிட்டுப் போ" என்றாள். அதாவது, இரண்டு பட்டதாரிகளுக்கு ஆறாம் வகுப்புப் படிக்கும் நான் காவல்!

மறுநாள் காலையில் மார்த்தாண்டம் போய், அங்கிருந்து கேரள பஸ் பிடித்தோம். களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொரு ஊர்ப் பெயராக வாசித்துக்கொண்டே போனேன். அக்கா மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. "நான் பிடிக்கட்டா?" என்று கேட்டதற்கு, "வேண்டாம், நீ வேடிக்கை பாரு" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பையை நண்பர்கள் மறந்துவிடாமல் இருக்க வேண்டும். நான் மூன்றரை வருடம் மறந்திருந்தேன்.

தம்பானூருக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் இன்டர்வியூ. வராந்தா முழுக்க ஆட்கள், எல்லோர் கையிலும் ஃபைல். தோழி உள்ளே போய்விட்டு முகம் வாடி வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே வந்த ஒருவர் அக்காவைப் பார்த்து, "நெக்ஸ்ட்?" என்றார். 'நான் இல்லை' என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உள்ளே நடந்தது பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாலத்தீவுக்கு வர ஏன் விரும்புகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். அக்கா உள்ளதைச் சொன்னாள்: "ஐ கேம் வித் மை ஃபிரண்ட், சார்." மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். சரி, ஐந்து நிமிடம் ஏதாவது பாடம் நடத்திக் காட்டு என்றார்கள்.

அக்கா 'எ', 'ஆன்' பாடத்தை எடுத்தாள். நமக்கெல்லாம் பள்ளியில் சொல்லிக் கொடுத்தது என்ன? ஐந்து உயிரெழுத்துக்கு முன்னால் 'ஆன்', மற்றதற்கு 'எ'. அப்படியானால் 'அவர்' என்ற ஆங்கிலச் சொல் 'ஹெச்'சில்தானே தொடங்குகிறது, அதற்கு ஏன் 'ஆன் அவர்'? 'யூனிவர்சிட்டி' 'யூ'வில் தொடங்குகிறது, அதற்கு ஏன் 'எ யூனிவர்சிட்டி'? 'எம்.எல்.ஏ.'வுக்கு ஏன் 'ஆன்'? இப்படிக் கேட்டுவிட்டு அக்கா சொன்ன பதில்: "எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள்." வாயில் முதலில் உயிர் ஒலி வந்தால் 'ஆன்', அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் வெளியே வந்தாள். விரலில் மை இருந்தது. இரண்டு வருடத்துக்கு வருவதாகச் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. தோழி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். கூட்டிக்கொண்டு போனவளுக்குக் கிடைக்கவில்லை. துணைக்குப் போனவளுக்குக் கிடைத்துவிட்டது. அன்றைக்குப் பிறகு தோழி எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. புதுக்கடை வந்ததும் அக்கா என் காதில், "வீட்டுல நான் சொல்லிக்கிடுதேன். நீ மிண்டாம இரி, கேட்டியா?" என்றாள். நானும் தலையை ஆட்டினேன். முற்றத்தில் கால் வைத்ததும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"அம்மா, அக்கா வெளிநாட்டுக்குப் போறா!"

அம்மா அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கும் வேலை பார்க்கிறவள். அப்போதுதான் வந்து, அண்டிக்கறை போகக் கை தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே நிமிர்ந்து, "ஆருட்ட கேட்டு ஒப்பு போட்ட?" என்றாள். அதற்குப் பிறகு பதினொரு நாள் அக்காவிடம் பேசவில்லை. பாட்டிதான் அந்தப் பட்டத்தைக் கொடுத்தாள்: "பெம்பிளப் பிள்ளைக்கு இவ்வளவு எடுத்துச் சாட்டம் ஆகாது!"

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அக்காவுக்கு ஒரு சம்பந்தம் ஏறக்குறைய முடிவாகி இருந்தது. வெளிநாட்டில் தனியாக வேலை பார்க்கப் போகிற பெண் எங்களுக்குச் சரிவராது என்று அவர்கள் விலகிக்கொண்டார்கள். அது என் வாயால்தான் கெட்டது என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கொத்தனார். கேரளத்தில் வேலை, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "எத்தனை வருசம்?" என்றார்.

"ரெண்டு."

"போறதுண்ணா ரெண்டு வருசமும் முடிச்சிட்டு வரணும். ஏ.வி.எம். சானல் மாதிரி பாதியில நிக்கப்பிடாது."

எங்கள் ஊர் வழியாகப் போகிற அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயைத்தான் சொன்னார். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் தண்ணீர் வழியாக இணைக்கத் திருவிதாங்கூர் அரசு 1860-ல் தொடங்கிய வேலை. மண்டைக்காடு வரை வந்து நின்றுவிட்டது. இன்றைக்குப் பல இடங்களில் அது கால்வாய் என்று சொன்னால்தான் தெரியும். கட்டட வேலைக்காரருக்குப் பாதியில் நிற்கும் வேலையைக் கண்டால் ஆகாது.

கையெழுத்துக்குப் பத்து நிமிடம் என்றால், அதற்குப் பின்னால் வந்த காகிதங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சான்றிதழ்களுக்கு அட்டெஸ்டேஷன், காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை, ஏஜென்ட் கட்டணம். அம்மாதான் பேசாமலேயே தன் செயினைக் கழற்றிக் கொடுத்து அடகு வைக்கச் சொன்னாள். விமான நிலையத்தில் அக்கா என் தலையைத் தடவினாள். நான் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டாட்டா காட்டவில்லை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நேர்கோட்டில் அளந்தால் எங்கள் ஊரில் இருந்து மாலத்தீவின் தலைநகர் மாலே சுமார் 600 கிலோமீட்டர்தான். சென்னையே அதைவிடக் கொஞ்சம் தூரம்! சுமார் 1,200 தீவுகள். அதில் ஆள் குடியிருப்பது 200-க்கும் குறைவு. 1960-களின் தொடக்கத்தில் மாலேயின் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிக் கல்வி வந்தது. அதிலிருந்து அவர்களுக்கு வெளிநாட்டு ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முதலில் இலங்கையில் இருந்து, பிறகு கேரளத்தில் இருந்தும் நம் பக்கத்தில் இருந்தும் போனார்கள். இந்தத் தலைமுறையில் மட்டும் நடப்பதல்ல இது. மன்னர் ஹைலி செலாசி காலத்தில் எத்தியோப்பியாவுக்கும், பிறகு நைஜீரியாவுக்கும் இந்தியாவில் இருந்து எத்தனையோ ஆசிரியர்கள் கப்பலிலும் விமானத்திலும் போயிருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முகமது மீரான் 1944-ல் பிறந்தது தேங்காய்ப்பட்டணத்தில்தான். அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவலில், ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் பள்ளிக்கூடம் வருகிறது என்றதும் ஊர்ப் பெரியவர் எதிர்த்து நிற்கிறார். ஒரு காலத்தில் ஆங்கிலம் உள்ளே வரக் கூடாது என்ற கரையில் இருந்து, ஒருத்தி ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கவே கடல் தாண்டிப் போனாள்.

தீவின் ஒரு முனையில் இருந்து மறு முனைக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம். குடிக்க மழைத் தண்ணீர். வெள்ளியும் சனியும் பள்ளி விடுமுறை. முதல் மாதம் ராத்திரியானால் அழுகைதான் என்று பிறகு சொன்னாள். மனசைத் தேற்றியது தெரிந்த சில சொற்கள். அங்கே படகுக்குப் பெயர் 'தோனி' - நம்முடைய தோணி! நம் கடைகளில் விற்கிற மாசிக்கருவாடு அந்தத் தீவுகளின் சூரை மீன். காலை உணவு தேங்காய்த் துருவலும் மீனும் வெங்காயமும் பிசைந்த 'மாஸ் ஹுனி'. அந்த நாட்டு அரசுச் சின்னத்திலேயே ஒரு தென்னை மரம் நிற்கிறது. தேங்காய்ப்பட்டணத்துப் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

பிள்ளைகள் திவேஹி மொழியை வலமிருந்து இடமாக எழுதுவார்கள். ஆங்கிலத்தை இடமிருந்து வலமாக. அவர்களுடைய தானா எழுத்தில் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களில் இருந்தும், அடுத்த ஒன்பது அந்நாட்டின் பழைய எண்களில் இருந்தும் உருவானவை. எண்ணே எழுத்தான மொழி! நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களுக்குப் பிடிக்கும்.

வகுப்பில் பிள்ளைகள் வாயைத் திறக்கவே இல்லையாம். ஒரு நாள் அக்கா கரும்பலகையில் 'அட்டோல்' என்று ஆங்கிலத்தில் எழுதி, "இது யாருடைய சொல்?" என்று கேட்டாள். இங்கிலீஷ் என்றார்கள். "இல்லை, உங்களுடையது. வெள்ளைக்காரன் உங்களிடம் வாங்கியது" என்றாள். வட்டமான பவளத்தீவுக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் திவேஹியில் இருந்து போனதுதான். பிறகு 'கட்டமரான்', 'காயர்' என்று எழுதி, "இது எங்கள் பக்கத்துக் கட்டுமரம், எங்கள் கயிறு" என்றாள். 1343-ல் அந்தத் தீவுகளுக்கு வந்து காஜியாக இருந்த இப்னு பதூதா, அங்கே திரித்த தென்னங்கயிறு கப்பல் பலகைகளைத் தைக்க இந்தியாவுக்கும் ஏமனுக்கும் போவதை எழுதி வைத்திருக்கிறார். "இங்கிலீஷ் நம்மகிட்ட கடன் வாங்கியிருக்கு. நாம வட்டி கேக்கப் போறோம், அவ்வளவுதான்" என்று சொன்னபோதுதான் பிள்ளைகள் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பில் இருந்து பாடம் ஆரம்பமானது.

எல்லாம் இனிப்பு இல்லை. தங்குமிடம் இலவசம் என்று ஏஜென்ட் வாயால் சொல்லியிருந்தார். அங்கே போய்ப் பார்த்தால், ஒப்பந்தத்தில் இருந்தது வீட்டு வாடகைப் படி மட்டும்தான். வாடகை அதைவிட அதிகம். தாளை எடுத்துப் பார்த்தால் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறது. வாசிக்காதது இவள் தப்பு. ஆங்கில ஆசிரியைக்கு ஆங்கிலத்தில் வந்த அடி!

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். கன்னியாகுமரி மாவட்டத்து நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னையும் வாழையும் ரப்பரும் விழுந்து கிடந்தன. மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. தூத்தூர் பக்கத்துக் கிராமங்களில் கடலுக்குப் போனவர்களுக்காக வீடு வீடாக அழுகை. எங்கள் வீட்டு ஓடு பறந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கரண்டும் இல்லை, போனும் இல்லை. அங்கே அக்கா டி.வி.யில் எங்கள் மாவட்டத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு, மூன்று நாளாக எல்லா எண்ணையும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நாள் சாயங்காலம் அந்தத் தோழி எங்கள் முற்றத்தில் வந்து நின்றாள். விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்திருந்தாள். அக்கா வேறு வழியில்லாமல் அவள் எண்ணுக்கு அடித்திருக்கிறாள். மார்த்தாண்டத்தில் எங்கேயோ சிக்னல் கிடைத்த நேரத்தில் அது மணியடித்திருக்கிறது. "எல்லாரும் சொகமா இருக்கீங்களாண்ணு கேட்டா. நான் கண்ணால பாத்துட்டுச் சொல்லுதேன்னேன்" என்றாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வருடத்துப் பிணக்கு அன்றைக்குத் தீர்ந்தது.

அந்த டிசம்பர் விடுமுறைக்கு அக்கா மாசியோடு வந்தாள். பாட்டி அதைத் தேங்காயோடு சேர்த்து அரைத்துத் தின்று, "எடுத்துச் சாட்டத்துலயும் ருசி இருக்கு" என்றாள். அடுத்த வருடம் பாட்டி போய்விட்டாள். அக்கா இருந்த தீவில் இருந்து மாலேக்குப் படகு கிடைத்து, விமானம் பிடித்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்பதால் வரவில்லை. போன் திரையில் பாட்டி முகத்தைப் பார்த்தாள். போனை நான்தான் பிடித்திருந்தேன். சத்தம் வராமல் அழுகிற ஒருத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. வெளிநாட்டுச் சம்பளத்தில் இதையும் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

2020-ல் கொரோனா. விமானங்கள் நின்றுபோயின. கடற்படை 'சமுத்திர சேது' என்று பெயரிட்டுக் கப்பல்களை அனுப்பியது. ஐ.என்.எஸ். ஜலஷ்வா மாலேயில் இருந்து சுமார் 700 பேரை ஏற்றிக்கொண்டு ஜூன் 7-ம் தேதி தூத்துக்குடிக்கு வந்தது. அதில் ஒருத்தி என் அக்கா. விமானத்தில் ஒரு மணி நேரத்தில் போனவள், போர்க்கப்பலில் இரண்டு நாள் பயணம் செய்து திரும்பினாள். தனிமைப்படுத்தல் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, வாசலில் நின்று நான் டாட்டா காட்டினேன். மூன்றரை வருடத்துப் பாக்கி! அவளுக்குப் புரிந்தது.

அந்த மழைக்காலத்தில் ஒரு ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன்: "அண்ணைக்கு ஏன் அப்படி எடுத்துச் சாடின?"

"எடுத்துச் சாடினேன்னு ஆரு சொன்னா?" என்றாள். "ஏலே, துணைக்குப் போறவ ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாத்தையும் பையில வெச்சிட்டா போவா?"

அப்போதுதான் அந்த மஞ்சள் பை என் ஞாபகத்துக்கு வந்தது.

மூன்று வருடம் மாதாமாதம் ஏழாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்தச் சம்பந்தத்துக்காக, பைங்குளம் போகிற வழியில் எங்களுக்கு இருந்த பன்னிரண்டு சென்ட் நிலத்தை அப்பா விற்கப் போகிறார் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு ராத்திரி திண்ணையில் அப்பாவும் புரோக்கரும் விலை பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்று சொன்னால் அப்பா கேட்டிருக்க மாட்டார். வேலை கிடைத்தால் சொல்லலாம், கிடைக்காவிட்டால் துணைக்குப் போனதாகவே இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். "எனக்கும் அவளுக்கும் ஒரே பயம்தான். அவ வெளியில சொன்னா, நான் பைக்குள்ள வெச்சிருந்தேன்" என்றாள்.

அந்த நிலம் இன்றும் எங்களுடையது. 2021-ல் அவள் மறுபடியும் வேறொரு தீவுக்குப் போனாள். இந்தத் தடவை துணைக்குப் போவதாகச் சொல்லவில்லை. தாளை மூன்று தடவை வாசித்துவிட்டுப் போனாள். கல்யாணம் எப்போது என்று ஊரில் கேட்காத ஆளில்லை. அம்மாவுக்கு அந்த வருத்தம் இன்றும் உண்டு. அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை.

இனி என் கதை. முதலாமாண்டு ஆங்கிலத்தில் நான் அரியர் வைத்தேன். ஆங்கில ஆசிரியையின் தம்பி! தினமும் ராத்திரி வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பி என்னைத் தேற வைத்தவள் அக்கா. "எழுத்தைப் பார்க்காதே, ஒலியைக் கேள்" என்பதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

போன மாதம் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு ஏஜென்ட் வந்தார். வளைகுடாவில் டெக்னீஷியன் வேலை. மூன்றே நாளில் முடிவு சொல்ல வேண்டும். நல்ல மனிதராகப் பேசினார். "நீங்க ஒண்ணும் பாக்காண்டாம் தம்பி, எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். என் ரத்தத்திலும் எடுத்துச் சாட்டம் இருக்கிறதே! பேனாவைத் திறந்துவிட்டேன். ஒரு மரியாதைக்காகத் தாளை போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் குரல் செய்தி வந்தது:

"லே, இங்கிலீஷ் பாடத்துல ஒலியைக் கேளுண்ணு சொன்னேன். ஒப்பந்தத்துக்கு அது நேர் மறிச்சு. ஒலியைக் கேட்காதே, எழுத்தைப் பாரு. ரெண்டாம் பக்கத்துல விசா எண்ணு எழுதியிருக்க இடத்தை வாசி."

வாசித்தேன். 'விசிட் விசா' என்று இருந்தது. வேலை பார்க்கும் அனுமதி அங்கே போன பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். பேனாவை மூடிவிட்டேன்.

நண்பர்களே, அதற்குப் பிறகு அக்கா சொல்லி நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். பத்தாம் வகுப்புத் தேறியவர்களுக்குக் குடியேற்றச் சரிபார்ப்பு தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைக்கிறது. பெருமைதான். ஆனால் அதன் மறுபக்கம், வளைகுடாவுக்குப் புறப்படும் நம்மை நிறுத்தி "ஒப்பந்தம் எங்கே?" என்று கேட்க ஆள் இல்லை, நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் 1983-ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பெயரைத் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும், அதற்கு மேல் கேட்டால் அது சட்டத்தில் இல்லாத பணம். சம்பளம், தங்குமிடம், வேலை நேரம், திரும்பி வரும் டிக்கெட் - இந்த நான்கும் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் முதலாமாண்டு ஆங்கிலம் அதற்குப் போதும்.

சாடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அக்கா அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்து எழுந்திருக்காவிட்டால், அப்பாவின் நிலம் போயிருக்கும், நானும் இந்தப் பாலிடெக்னிக்கில் இருந்திருக்க மாட்டேன். அந்தப் பத்து நிமிடம் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் வரும். வரும்போது நமக்குச் சொல்லிவிட்டு வராது.

அந்த மஞ்சள் பை இப்போது என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் தையல் விட்டுப்போனதை அம்மா தைத்துக் கொடுத்தாள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், நான்கு செமஸ்டர் மார்க் ஷீட், பாஸ்போர்ட் எல்லாம் அதில் வைத்திருக்கிறேன். கடைசி இரண்டு செமஸ்டருக்கும் டிப்ளமோவுக்கும் இடம் விட்டிருக்கிறேன்.

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை